வானத்தீவுகளுக்கு வண்டி கட்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரின் வடகிழக்கு ஓரத்திலிருந்து லெம்மன் மலைக்கு ஒரு சாலை ஏறுகிறது. நீளம் சுமார் 43 கிலோமீட்டர். அடிவாரத்தில் சவாரோ என்னும் தூண் கள்ளிகள் கைவிரித்து நிற்கும் பாலைவனம். 2,791 மீட்டர் உச்சியிலோ ஃபிர் மரக்காடு, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு. இடையில் புல்வெளி, ஓக், பைன் என்று காடு அடுக்கடுக்காக மாறிக்கொண்டே போகும். மெக்சிகோவிலிருந்து கனடா வரை போனால் காணக்கூடியதை எல்லாம் இந்த ஒரு சாலையிலேயே பார்த்துவிடலாம் என்பது உள்ளூர்க்காரர்களின் பெருமைப் பேச்சு. பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு அது அப்படியொன்றும் மிகையாகத் தோன்றாது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. மலையில் மோதி மேலெழும் காற்று குளிர்ந்து மழையாகப் பெய்வதால் மேலே ஈரமும் கூடுகிறது. வெப்பமும் ஈரமும் மாறினால் மரம் மாறும். மரம் மாறினால் பூச்சியும் பழமும் மாறும். அவற்றை நம்பியிருக்கும் பறவையும் மாறும். இதை ஒழுங்காகப் பதிவு செய்தவர் விலங்கியலாளர் ஹார்ட் மெரியம். 1889இல் இதே அரிசோனாவின் வடக்கே உள்ள சான் பிரான்சிஸ்கோ சிகரங்களில் ஏறி இறங்கி, உயரத்துக்கு ஏற்ப உயிர்கள் பட்டை பட்டையாக வாழ்கின்றன என்று அவர் காட்டினார். வெப்பம் ஒன்றையே காரணமாக்கிய அவருடைய விளக்கத்தில் பின்னாளில் திருத்தங்கள் வந்தன. பட்டைகள் என்னவோ அப்படியே இருக்கின்றன.

தென்கிழக்கு அரிசோனாவில் இப்படிப்பட்ட மலைகள் பல உண்டு. சாந்தா கத்தலீனா, சாந்தா ரீட்டா, சிரிகாவா, பினலேனோ. வடக்கே ராக்கி மலைத்தொடர், தெற்கே மெக்சிகோவின் சியரா மாத்ரே. இரண்டுக்கும் நடுவே பாலைவனக் கடலில் இவை தனித்தனியாக நிற்கின்றன. ‘வானத்தீவுகள்’ என்பது இவற்றின் பெயர். கடைசிப் பனியுகத்தில் இந்தக் காடுகள் தாழ்வான சரிவுகளுக்கும் பரவியிருந்தன. அதற்குச் சாட்சி சொல்வது ஓர் எலி. பாறைப் பொந்துகளில் சுள்ளியையும் இலையையும் சேர்த்துக் குவிக்கும் காட்டெலியின் சிறுநீர் உறைந்து பிசின்போல் இறுகிவிடும். அதில் சிக்கிய பைன் ஊசிகளும் விதைகளும் பல ஆயிரம் ஆண்டுகள் கெடாமல் இருக்கின்றன. இன்று கள்ளி மட்டுமே வளரும் இடங்களில் அன்று எந்த மரம் நின்றது என்று ஆய்வாளர்கள் அதிலிருந்து படித்துவிடுகிறார்கள். பனியுகம் முடிந்து வெப்பம் ஏற, காடுகள் மேல்நோக்கிப் பின்வாங்கி, ஒவ்வொரு மலைத்தலையிலும் தனித்தனியாக ஒதுங்கின.

இந்த ஊருக்கு கேம்பர் வேன் பொருத்தம் என்று நான் சொல்வது சொகுசுக்காக அல்ல. பறவைகள் வாய் திறப்பது விடியலில். ஆந்தைகளும் பக்கிகளும் வெளிவருவது அந்தியில். அந்த இரண்டு வேளையும் எந்த உயரத்தில் இருக்கிறோம் என்பதே அன்று என்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறது. நகரத்து விடுதியில் படுத்துவிட்டு, காலைச் சிற்றுண்டியும் முடித்து மலையேறுகிறவர், பாடி முடித்த காட்டுக்குத்தான் போய்ச் சேருவார். படுக்கையோடு வண்டியை நகர்த்தி, உயரத்துக்கு ஓர் இரவு என்று தங்குவதே நல்ல திட்டம்.

முதல் இரவு பாலைவனத்தில். சவாரோ தேசியப் பூங்காவுக்குள் வண்டியோடு தங்க அனுமதி இல்லை. அருகிலுள்ள மாநிலப் பூங்காவிலோ, மாவட்டப் பூங்காவிலோ இடம் பிடிக்க வேண்டும். பாலைவனத்துப் பறவைகளின் வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்து வைப்பது சவாரோதான். ஹீலா மரங்கொத்தி அதன் சதையைக் குடைந்து பொந்து போடும். கள்ளி தன் காயத்தைச் சுற்றிக் கெட்டியான தோல் ஒன்றை வளர்த்துக்கொள்ளும். உள்ளே பகலில் குளிர்ச்சி, இரவில் கதகதப்பு. மரங்கொத்தி காலி செய்த வீட்டுக்குக் குடிவருவது குட்டி ஆந்தை. சுமார் 40 கிராம் எடைதான்; உலகிலேயே மிக லேசான ஆந்தை இது. குளிர்காலத்தை மெக்சிகோவில் கழித்துவிட்டு வசந்தத்தில் திரும்புகிறது. அந்தியில் பொந்து வாசலில் தலை நீட்டும்போது பார்த்தால் உண்டு.

சவாரோ நாற்று தனியாக வெயிலில் பிழைப்பது அரிது. மெஸ்கீட், பாலோ வெர்டி போன்ற மரங்களின் நிழலில்தான் தலையெடுக்கும். இந்த மெஸ்கீட் நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. ராமநாதபுரத்தில் நாம் வேரோடு பிடுங்க நினைக்கும் குடும்பம், சொந்த மண்ணில் கள்ளிக்குச் செவிலித்தாயாக இருக்கிறது.

அடுத்து, மலை இடுக்குகள். மடேரா கேன்யன், சிரிகாவாவின் கேவ் கிரீக் கேன்யன் இரண்டும் உலகெங்கும் உள்ள பறவை ஆர்வலர்களுக்கு யாத்திரைத் தலங்கள். அவர்கள் தேடி வருவது எலிகன்ட் டிரோகன். பச்சை முதுகு, சிவந்த வயிறு, நெஞ்சில் வெள்ளைப் பட்டை. ஓடைக்கரை சிக்கமோர் மரங்களில் மரங்கொத்திகள் விட்டுப்போன பொந்துகளில் கூடு வைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தீக்காக்கையைப் பார்த்தவர்களுக்கு அந்த நெஞ்சுப் பட்டை பழகியதாகத் தெரியும்; இரண்டும் ஒரே குடும்பம். கேவ் கிரீக்கின் தெற்குக் கிளையில், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கத் தடை இருக்கிறது. எதிரி வந்துவிட்டான் என்று ஏமாந்து ஆண் பறவை நாள் முழுக்க அலைந்தால், கூட்டை யார் கவனிப்பது? படத்துக்காக இதைச் செய்கிறவர்களுக்குத் தடை மட்டும் போதாது, அபராதமும் வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்கக் கண்டங்களை விட்டு வேறெங்கும் இல்லாத ஹம்மிங் பறவைகள் இந்தக் கேன்யன்களில் மொய்க்கின்றன. ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்த கரைசலை வீட்டு முற்றங்களில் தொங்கவிடுகிறார்கள். பகலெல்லாம் தேனைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டிய இந்த உடல்கள் மலைக்குளிரில் இரவு முழுக்கப் பட்டினி கிடப்பது எப்படி? உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் இறக்கிவிட்டு, விடியும்வரை ஏறக்குறைய அணைந்து கிடக்கின்றன.

மேலே, லெம்மன் சாலையில் 2,100 மீட்டரைத் தாண்டிய ரோஸ் கேன்யனில் பைன் மரங்களுக்கடியில் வண்டியை நிறுத்தலாம். சிவந்த முகமுள்ள கதிர்க்குருவி, மஞ்சள் கண் ஜங்கோ என்று கீழே காணாத கூட்டம் இங்கே. வழியில் ஒரு முகாம் கார்டன் ஹிராபயாஷி பெயரில் இருக்கிறது. இந்தச் சாலையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் கைதிகள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் மீது விதித்த ஊரடங்குக்குக் கீழ்ப்படிய மறுத்துத் தண்டனை பெற்ற மாணவர் ஹிராபயாஷி அவர்களில் ஒருவர். சிறைக்கு அனுப்பப் பயணச் செலவு தர அரசுக்கு மனமில்லை. வழியில் வந்த வண்டிகளை மறித்து ஏறி, தானே டூசான் வந்து சேர்ந்தார். 1987இல் அவருடைய தண்டனை ரத்தானது.

போவதற்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே, அதைவிட்டால் ஆகஸ்ட். ஜூலையில் தொடங்கும் பருவமழை இங்கே இரண்டாவது வசந்தத்தைக் கொண்டுவருகிறது. அப்போது பிற்பகலில் இடி மின்னல் உறுதி என்பதால், உச்சிகளுக்கு நடப்பவர்கள் மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். மழை பெய்வது வேறெங்கோ இருந்தாலும் காய்ந்த ஓடையில் திடீர் வெள்ளம் வரும். வண்டியை அதற்குள் நிறுத்தவே கூடாது. சிரிகாவா தேசிய நினைவுச்சின்னத்தின் முகாமில் 29 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு இடமில்லை. 2.7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைச் சாம்பல் இறுகிப் பிளந்து நிற்கும் கல்தூண்களின் நடுவே அங்கே நடக்கலாம்.

தீவுக்குரிய ஆபத்தும் இந்த மலைகளுக்கு உண்டு. 2017இல் பினலேனோ மலையில் பரவிய தீக்குப் பின், வேறெங்கும் இல்லாத கிரஹாம் மலைச் செவ்வணிலில் எஞ்சியவை சுமார் 35 என்று கணக்கிட்டார்கள். வெப்பம் கூடக் கூட உயிர்கள் மேலே நகரும்; உச்சிக்கு மேல் நகர இடமில்லை.

நம்மிடமும் வானத்தீவுகள் இருக்கின்றன. நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. அதைத் தாண்டாத சோலைக்காட்டுப் பறவைகள் இருபுறமும் தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிட்டன. நீலகிரிச் சிரிப்பானும் பழனிச் சிரிப்பானும் அப்படிப்பட்டவை. வி.வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, இந்தப் பறவைகளுக்கென்றே இரண்டு புதிய பேரினங்களை 2017இல் அறிவித்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் லெம்மன் சாலையின் ஏற்றத்துக்குக் குறைந்ததல்ல. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் மலை முழுவதற்கும் ஒரே பட்டியல் போடாதீர்கள். கல்லாறு, குன்னூர், ஊட்டி என்று உயரத்துக்கு ஒன்றாகப் பிரித்து, இபேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். கேம்பர் வேன் தேவையில்லை. தங்கும் ஊரை மாற்றினால் போதும்.