அட்டையை மட்டும் நம்பாதீங்க

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா வழக்கம் தெரியும்தானே: 2 கிலோ விதைநெல் வாங்கினால், விளைந்தபின் 4 கிலோ திருப்பணும். இப்படி விதை தரும் குழுவில் போலி உறுப்பினர் அட்டை நுழைந்தால், அந்த 4 கிலோ திரும்பாது.

2017-இல் நம்ம ரேஷன் கடைக்கு வந்த ஸ்மார்ட் அட்டையில் கியூஆர் குறியீடு உண்டு. கருவியில் காட்டினால் குடும்பக் கணக்கு திறக்கும். நமக்கும் அதே வழிதான்.

ஆனா குறியீட்டை ஜெராக்ஸ் எடுத்தாலும் ஸ்கேன் ஆகும். வங்கியில் செக்கை மட்டும் பார்த்துப் பணம் தரமாட்டோம்; மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவோம். அதனால குறியீட்டில் உறுப்பினர் எண் மட்டும் போதும். பெயர், படம், விதைக் கணக்கு குழுவின் செல்போனில் இருக்கட்டும். ஸ்கேன் செய்து, முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டு, கொடுத்ததை உடனே பதியுங்க. அதே எண் மறுபடி வந்தால் மாட்டிக்கும். குறியீடு உருவாக்க இலவசச் செயலிகள் உண்டு, அச்சுக்கூலிதான் செலவு.