உடலுக்குள் ஓடும் கடிகாரம்

மாமல்லபுரத்துக் கடற்கரையில், விடியலுக்கு வெகு முன்பே, ஒருவர் குரலெழுப்ப மற்றவர் மூச்சைப் பிடித்து ஒரே கணத்தில் படகைத் தோளால் தள்ளும் மீனவர்களைக் காண்போர், அவர்கள் அனைவரும் சுபாவத்திலேயே அதிகாலையில் விழிப்பவர்கள் என்று எண்ணுவது இயல்பு. உண்மையிலோ, ஒவ்வொரு தேகத்திலும் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கொரு முறை சுழலும் தாளம், ஒருவருக்கு முந்தியும் மற்றொருவருக்குப் பிந்தியும் நடக்கிறது. அதைத் தினந்தோறும் திருத்தி வைப்பது சூரியவெளிச்சம்.

வெளிச்சமே புகாத இடத்தில் என்ன ஆகும்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய சகாக்களும் 1981-இல் வெளியிட்ட வௌவால் ஆராய்ச்சி இதற்கு அபூர்வமான விடை தந்தது. இருட்குகையில் கூண்டிலடைபட்ட வௌவால், தன் இனம் சுதந்திரமாக வந்துபோகும் குகையிலே அக்கூட்டத்தின் நேரத்தையே அனுசரித்துச் சிறகடித்தது. துணையற்ற குகையிலோ, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக விலகித் தன் போக்கில் சென்றது. சகவாசமும் ஒரு கடிகாரமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மனிதனிடத்தில் வெளிச்சத்தின் ஆதிக்கமே அதிகம். வாலிபப் பருவத்தில் உறக்கம் பிந்தி வருவதும் தேகத்தின் தர்மமே. ஆகவே தாமதமாக எழும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவது அநியாயம். தாளம் ஆளுக்காள் வேறுபடுவதால், பலர் கூடிச் செய்யவேண்டிய காரியத்தை, எல்லோரும் விழிப்புற்றிருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.