பாடமாக வந்த காதல்

மீசை அரும்பாத பையன் காதலனாக நிற்பான். எதிரே பின்னல் தொங்க, தலைகுனிந்து நிற்கும் காதலியும் அவனோடு ஒரே பந்தியில் சாப்பிட்ட இன்னொரு பையன்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களில் காதல் இப்படித்தான் மேடையேறியது.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற கம்பெனியைத் தொடங்கியபோது டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு வயது 6. பிறகு அந்தப் பையனை மனத்தில் வைத்தே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். அபிமன்யு வீரன் என்பது எந்தச் சிறுவனுக்கும் புரிந்துவிடும். மாமன் மகளுக்காக அவன் ஏங்குகிறானே, அந்த ஏக்கத்தை யார் புரியவைப்பது? யாரும் மெனக்கெடவில்லை. வாத்தியார் ‘பாடம்’ கொடுப்பார். எந்தச் சொல்லை இழுக்க வேண்டும், எங்கே மூச்சை நிறுத்த வேண்டும், எந்த அடியில் கண் தாழ வேண்டும் என்பதெல்லாம் உருப்போட்டு வந்தவை. காதல் முதலில் தொண்டைக்கு வந்தது. மனசுக்கு எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை.

அதில் ஒரு கொடுமையும் இருந்தது. பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பாட முடியாது; பாட முடியாவிட்டால் பெரிய வேஷம் கிடையாது. காதல் தனக்கே புரியத் தொடங்கும் வயதில் காதலன் வேஷம் கையைவிட்டுப் போய்விடும். அந்தப் பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து, அடிக்கும் வசவுக்கும் பயந்து வளர்ந்தார்கள் என்பதையும் மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனாலும் அந்தப் பள்ளியில் ஒன்று கிடைத்தது. சிறுவனாகக் கம்பெனியில் சேர்ந்த சிவாஜி கணேசன் கட்டிய தொடக்க கால வேடங்களில் ஒன்று சீதை. பிரிவில் காத்திருப்பவளாக நின்று பழகியவர் பின்னாளில் காதலனாக நடித்தார். எதிரே நிற்பவளுக்கு என்ன தேவை என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது என்றே நான் நம்புகிறேன்.

வேஷமே வாழ்க்கையானதும் உண்டு. ஜோடியாக மேடையேறிய எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நிஜத்திலும் இணைந்தார்கள். 1933-ல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன்பின் அவர் வெள்ளைப் புடவைக்கு மாறினார். எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில், நடித்தார்.

இன்று வரிசை தலைகீழ். முதலில் புரிய வேண்டும், பிறகுதான் செய்ய வேண்டும். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவும் அதன் பிறகு பெருகிய பயிற்சிப் பட்டறைகளும் உடம்பையும் மனத்தையும் சேர்த்தே பழக்குகின்றன. அந்தப் பாத்திரத்தின் கடந்த காலம் என்ன, எதற்காகத் தயங்குகிறது என்று இளம் நடிகர் தேடுகிறார். தொடுகை உள்ள காட்சி என்றால் எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று இருவரிடமும் முன்பே கேட்டு, நடன அசைவைப் போல ஒத்திகை பார்த்துக்கொடுக்க ஓர் ஆள் வந்தாயிற்று. அமெரிக்காவின் எச்பிஓ 2018-ல் அதைத் தன் படைப்புகளுக்கு விதியாக்கியது. 2022-ல் வந்த ‘கெஹ்ராயியான்’ என்ற இந்திப் படத்திலும் அந்தப் பொறுப்புக்குத் தனியாக ஒருவர் இருந்தார். சம்மதம் கேட்பதும் நடிப்பின் ஒரு பகுதி என்று ஆனது இந்த நூறு ஆண்டுகளின் ஆகப் பெரிய மாற்றம். பழைய கம்பெனிப் பிள்ளைகளிடம் அப்படி யாராவது ஒருமுறையாவது கேட்டிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பட்டறையில் வளரும் நடிகரிடம் எனக்கு ஒரு குறை தெரிகிறது. தன் உணர்ச்சியைத் துருவிக்கொண்டே இருப்பதில் எதிராளியின் பேச்சு காதில் விழாமல் போய்விடுகிறது. அந்தந்த இரவுக்கென்று நடிகர்கள் தனித்தனியாக வந்து கூடும் ஸ்பெஷல் நாடகத்தில் அது நடக்காது. ‘வள்ளி திருமண’த்துக்கு நாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள், சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள். வேடனாக வந்த முருகனும் தினைப்புனம் காக்கும் வள்ளியும் செய்யும் தர்க்கம் அங்கேயே பிறக்கிறது. அவள் வீசிய சொல்லை அவன் பிடித்துத் திருப்பாவிட்டால் காட்சி விழுந்துவிடும். அங்கே காதல் என்பதே காது கொடுப்பதுதான்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய அந்தத் தர்க்கம் இன்றும் நடக்கிறது. காதல் காட்சிக்குத் தயாராகும் இளம் நடிகர்களைப் பட்டறைக்காரர்கள் ஒரு பங்குனி இரவில் அங்கே அழைத்துப் போக வேண்டும். ஆர்மோனியத்துக்குப் பக்கத்திலேயே உட்காரவைக்க வேண்டும்.