நெல்மணி அளவில் ஒரு நொடி

படப்பை பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய வாட்ச் கடையில் அப்பாவின் டைட்டனைக் கொடுத்தேன். ஓடாமல் நின்று மூன்று வாரம். கடைக்காரர் ஐ கிளாஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பின்மூடியை நெம்பினார். "மிஷின் நல்லா இருக்கு சார், செல்தான் போயிருக்கு." அவர் செல்லை எடுத்ததும் நெல்மணி அளவில் ஒரு வெள்ளி நிறக் குழாய் தெரிந்தது.

அதற்குள்ளே காற்றில்லாத இடத்தில், கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் ழாக், பியர் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். திருப்பிச் செய்தாலும் நடக்கும்: மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும். இந்தக் கவை நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதென்ன கணக்கு? இரண்டால் வகுத்துக்கொண்டே வாருங்கள். 16,384, 8,192, 4,096... பதினைந்தாவது தடவை ஒன்று மிஞ்சும். இந்த வகுத்தலைச் செய்து, நொடிக்கு ஒரு துடிப்பைச் செம்புக் கம்பிச் சுருளுக்கு அனுப்புகிறது சிப். ஒவ்வொரு துடிப்புக்கும் கடுகளவு காந்தம் ஒன்று அரைச் சுற்றுச் சுற்ற, பற்சக்கரங்கள் நொடிமுள்ளை ஓர் அடி தள்ளுகின்றன.

சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில் நொடிக்கு ஐந்து 'டிக்'தான். நாளுக்குச் சில நொடிகள் முன்னே பின்னே போகும். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமோ மாதம் முழுக்க ஓடினாலும் பதினைந்து நொடிக்கு மேல் பிசகுவது அரிது.

ஜப்பானின் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்றது 1969இல். இங்கே அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், 1961இலிருந்து பெங்களூரில் தயாரான எச்.எம்.டி.யின் சாவிக் கடிகாரங்கள்தான் மணிக்கட்டுகளை ஆண்டன. 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு இரண்டின் எழுத்துகளும் கலந்த பெயர் அது. பொறுப்பேற்ற ஜெர்க்சஸ் தேசாய் குவார்ட்ஸை நம்பி இறங்கினார். சந்தை சாவிக் கடிகாரத்துக்குப் பழகிக் கிடந்த காலத்தில் அது பெரிய துணிச்சல் என்பேன். பிரான்ஸ் எபோஷ் என்ற நிறுவனம் நுட்பம் தந்தது. ஓசூரில் ஆலை எழுந்தது.

அந்த ஆலையில் உட்கார்ந்தவர்கள் யார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளை நிறுவனம் தேடி எடுத்தது. வீட்டை விட்டு வந்தவர்களைப் பெற்றோர்போலப் பார்த்துக்கொள்ளத் தம்பதியரையும் அமர்த்தியது. கண்ணுக்குத் தெரியாத திருகுகளை இடுக்கியால் எடுத்து வைக்கும் வேலை அந்தப் பிள்ளைகளின் கைக்குப் பழகியது. 2002இல் வந்த 'எட்ஜ்' கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். அதற்குள் இருக்கும் மிஷின் 1.15 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயம்கூட அதைவிடத் தடிமன். மெலிந்த கடிகாரத்துக்கு உலகம் சுவிட்சர்லாந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓசூர் அதைச் செய்தது. இன்றும் டைட்டனின் மிகப்பெரிய பங்குதாரர் டிட்கோதான்.

கடைக்காரர் புதுச் செல்லைப் பொருத்தினார். நொடிமுள் ஒருமுறை நடுங்கி, ஓர் அடி வைத்தது.