கீறிவிட்டு அறுத்த காலமும் அறுத்துவிட்டுப் பூசும் காலமும்

திருகோணமலை லிங்கநகரில் ஒரு கதவின் தரத்தைச் சொல்ல ஓடாவி வேண்டியதில்லை, ஒரு வருடம் பொறுத்தால் காலநிலையே சொல்லிவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் மரம் ஈரம் குடித்து ஊதும். கதவு நிலையில் இறுகும். வைகாசியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் அதே மரம் வற்றும். ஆடி பிறக்கும்போது குறுக்குச் சட்டம் நெடுஞ்சட்டத்தைச் சந்திக்கிற இடத்தில், பெயின்றைக் கிழித்துக்கொண்டு ஒரு கோடு எழும். நல்ல கதவில் அந்தக் கோடு மயிரிழைதான் இருக்கும். மற்றதில் நகம் நுழையும், உள்ளே அடைத்திருந்த புட்டி பொடியாகிக் கொட்டும்.

பழைய கதவுகள் தப்பியதற்கு அந்தக் காலத்து மரம் நல்ல மரம் என்று எல்லோரும் ஒரே காரணம் சொல்கிறார்கள். பாதி உண்மை. முதிரையும் பாலையும் இன்று கைக்கு எட்டாத விலை, அது சரி. மீதிப் பாதி உண்மை, அறுக்க முன்னம் செய்த ஒரு சின்ன வேலையில் இருக்கிறது.

மரம் நெடுக்கே ஒரு குணம், குறுக்கே இன்னொரு குணம். பச்சை மரம் காயும்போது நீளத்தில் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் குறையும். அகலத்திலோ நூற்றுக்கு நான்கு முதல் எட்டுப் பங்கு வரை குறையலாம். காய்ந்த பிறகும் ஒவ்வொரு மாரிக்கும் கோடைக்கும் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு அடி அகலப் பலகை ஓரிரு மில்லிமீற்றர் அசைவது சாதாரணம். அதனால்தான் பழைய கதவில் நடுப்பலகையை ஒட்டமாட்டார்கள், ஆணியும் அடிக்கமாட்டார்கள். சட்டத்தின் தவாளிப்புக்குள் அது சும்மா நிற்கும், ஊதவும் சுருங்கவும் இடம் இருக்கும்.

இரண்டாவது குணம் வெட்டில் தெரியும். நார் ஓடுகிற திசையில் உளி வைத்தால் மரம் தானே பிளந்து வழிவிடும். குறுக்கே வைத்தால் நார்கள் அறுபடாமல் இழுபட்டுச் சிராயாகக் கிளம்பும். அங்கே ஒட்டும் பசையையும் நம்ப முடியாது. நாரின் வெட்டுமுனை பசையைக் குடித்துவிடும், பிடிக்காது. ஆகவே கழுந்து (துளைக்குள் நுழைகிற சட்டத்தின் நாக்கு) தொடங்குகிற படி, அதாவது தோள், அடுத்த சட்டத்தில் இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்தால்தான் மூட்டு நேராக நிற்கும். அந்தத் தோளை வெட்டுவதுதான் நாருக்குக் குறுக்கே வெட்டுவது.

அதை அன்று எப்படிச் செய்தார்கள்? காதில் சொருகிய பென்சில் உத்தேசக் கோட்டுக்கு மட்டும்தான். கடைசிக் கோடு கத்தியால் விழும். மூலைமட்டத்தை நன்றாகச் சீவிய முகத்தில் அழுத்திப் பிடித்து, கத்தியை முதலில் பட்டும் படாமலும் ஒருதரம் இழுப்பார்கள், பிறகு அதே தடத்தில் அழுத்தி இரண்டு தரம். முதல் இழுப்பிலேயே அழுத்தினால் கத்தி நாரைப் பின்தொடர்ந்து கோணலாக ஓடிவிடும். ஒரு முகம் முடிந்ததும் சட்டத்தைப் புரட்டி, கோட்டின் முனையில் கத்தியை வைத்து, மட்டத்தை அதுவரை நகர்த்தி, அடுத்த முகம். நாலாவது முகத்துக் கோடு முதற் கோட்டின் வாயில் வந்து முட்டவேண்டும். முட்டவில்லை என்றால் சட்டம் சதுரமாகச் சீவப்படவில்லை. வாளை எடுக்காமலே பிழை பிடிபட்டுவிடும்.

பிறகு கழிவுப் பக்கத்தில் உளியைச் சரித்து, கத்திக்கோடு வரை மெல்லிய சீவல் ஒன்றை எடுப்பார்கள். ஒரு பக்கம் செங்குத்தும் மறுபக்கம் சரிவுமாக ஒரு சின்னக் கால்வாய் கிடைக்கும். வாள் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும், வழுக்காது. மேல் நார்கள் முன்பே அறுபட்டிருப்பதால் வாள் கிழிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. துளை குடையும்போதும் இதே யோசனைதான். ஒரே பக்கத்தில் அடித்து மறுபக்கம் பிய்த்துக்கொண்டு போகவிடாமல், இரண்டு பக்கமும் கீறி, பாதி இங்கிருந்தும் பாதி அங்கிருந்துமாக உளி இறங்கும். கடைசியில் முளை அடிப்பார்கள், அதுவும் தோளுக்குக் கிட்ட. தோளை விட்டுத் தள்ளி முளை இருந்தால், இடையில் உள்ள மரம் கச்சானில் சுருங்கும்போது மூட்டு வாய் திறக்கும்.

வாளின் கதை தனி. நெடுக்கே அரிகிற வாளின் பல் உளி மாதிரி, அரத்தை நேராகப் பிடித்து ராவுவது. குறுக்கே அறுக்கிற வாளின் பல் கத்தி மாதிரி, அரத்தைச் சரித்து, ஒன்று விட்டு ஒன்றாக ராவி, இரு பக்கமும் கூர் வைப்பது. ஒரு பட்டறையில் இரண்டும் இருந்தன, இரண்டையும் ராவத் தெரிந்த கைகளும் இருந்தன. இன்று ஹார்ட்வெயார் கடையில் தொங்குகிற வாளின் பல்நுனி நீலம் பாய்ந்து கறுத்திருக்கும். அது சூடேற்றிக் கடினமாக்கியது, அரம் அதில் வழுக்கும். மழுங்கினால் எறிவதைத் தவிர வேறு வழியில்லை. வாளைத் தீட்டுகிற வேலை ஊரில் இல்லாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மர விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு காலத்தில் வெளியூரில் பெயர் இருந்தது. சிங்களத்தில் ஹல்மில்ல, நாங்கள் சாவண்டலை என்கிற மரத்தை ஆங்கிலேயர் எங்கள் ஊர்ப் பெயராலேயே ‘திருகோணமலை மரம்’ என்றார்கள். அன்று துறைமுகம் இல்லாத சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டி ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலா படகுகளுக்கு அது போனது. இலங்கையில் தென்னஞ்சாராயம் முதிரவைக்கிற பீப்பாய்களையும் அந்த மரத்தில் செய்வதுண்டு. பீப்பாய் செய்கிறவருக்கும் இதே சோதனை உண்டு. மூடி உட்காருகிற தவாளிப்பு ஒவ்வொரு பலகையின் நாருக்கும் குறுக்கே ஓடும், அங்கே சிராய் கிளம்பினால் சாராயம் கசியும். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய கப்பல் ஒன்றும் உண்டு. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் கட்டிய ‘எச்.எம்.எஸ். திருகோணமலை’ இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அது தேக்கு. பெயர் எங்களது, மரம் எங்களது அல்ல.

1957இல் பிரித்தானியக் கடற்படை கைவிட்டுப் போகும்வரை டொக்யார்ட் இந்த ஊரின் பெரிய தொழிலிடம். கடலோரம் பைபர் வள்ளங்கள் வந்து மரவள்ளங்கள் குறைந்தபோது ஓடாவிகளுக்கு இன்னொரு வாசலும் சாத்தப்பட்டது. பிறகு போர், 2004 சுனாமி, திரும்பி வந்தவர்களின் வீடுகள். ஒரே நேரத்தில் ஏராளமான நிலைகளும் யன்னல்களும் தேவைப்பட்டன. அவசரத்துக்கு மெசின்தான் கைகொடுத்தது.

மெசினைப் பழிப்பது சுலபம், நியாயமல்ல. நெருக்கமான பற்கள் கொண்ட பத்து அங்குல வட்டவாள், கூராக இருந்தால், கைவாளைவிடச் சுத்தமாகக் குறுக்கே அறுக்கும். நாள் முழுக்கக் குனிந்து அறுத்த முதுகுகளுக்கு அது விடுதலை. கோளாறு வேறு இடத்தில். நெடுக்கே அரிகிற அலகையே குறுக்கேயும் ஓட்டுகிறார்கள், மழுங்கிய பிறகும் ஓட்டுகிறார்கள், பல் வெளியேறுகிற பக்கத்தில் பிய்ந்துபோனதை மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசி, தேய்த்து, பெயின்ற் அடிக்கிறார்கள். கொடுக்கிற அன்று எல்லாக் கதவும் அழகுதான். வாங்குகிறவர் சதுர அடிக் கணக்கில் பேரம் பேசினால், கோடு கீறுகிற பத்து நிமிடத்துக்கு யார் காசு கொடுப்பது? இளம் பாஸ்மாரைச் சோம்பேறிகள் என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

அறைகளுக்குள் எம்.டி.எப். பலகை புகுந்துவிட்டது. அதில் நாருக்குத் திசையே இல்லை, நெடுக்கும் குறுக்கும் ஒன்றுதான், கீறவும் தேவையில்லை, கழுந்தும் தேவையில்லை. மழைச்சாரல் பட்ட ஓரம் ஊதிப்போனால் திரும்ப இறங்காது. யன்னல்களில் பாதி அலுமினியம். அதைக் குறை சொல்ல மாட்டேன், உப்புக்காற்றடிக்கிற ஊரில் அதுவும் ஒரு விடை.

ஆனால் முன்கதவு இன்னும் மரக்கதவாகத்தான் வேண்டும் என்கிறோம், மகோகனியோ தேக்கோ. என்.வி.கியூ. தொழில் தகைமைச் சான்றிதழோடு வருகிற பிள்ளைகளுக்கு மூட்டு வகைகள் தெரியும், செய்து காட்டியும்தான் தேறியிருப்பார்கள். கேட்கிற வாடிக்கையாளர்தான் இல்லை. மெசினை நிறுத்தச் சொல்லவேண்டாம். தோள் கோட்டை நாலு முகத்திலும் கத்தியால் கீறிவிட்டு மெசினில் வை என்று சொன்னால் போதும், அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுத்தால். இன்னொன்று: கதவைப் பெயின்ற் அடித்து வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பூட்டி முடித்து, புட்டி வைக்க முன்னம், பட்டறைக்கே போய் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.