பின் ஷாக் அப்சார்பர்: எதைப் பார்த்து வாங்குவது?

யமஹா ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றுவிட்டது. ஆனாலும் நம்ம கோவையில் அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதவர் யார்? நான் ஓட்டுவதும் அதுதான். அதற்குப் பின் ஷாக் வாங்கப் போனால், "சிவப்பு ஸ்பிரிங்குங்களா, மஞ்சளுங்களா?" என்கிறார் கடைக்காரர். நிறத்தை விடுங்கள், மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது நீளம். மேல் போல்ட் துளையின் மையத்திலிருந்து கீழ்த்துளையின் மையம் வரை அளக்க வேண்டும். கூடினால் பின்பக்கம் தூக்கும். செயின் ஸ்விங் ஆர்மில் உரசும். குறைந்தால் டயர் மட்கார்டில் இடிக்கும்.

இரண்டாவது ஸ்பிரிங். பாரத்தைத் தாங்குவது இதுவே. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், சக்கரத்தின் மொத்த மேல்கீழ் அசைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமுங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குப் பத்தாது. அதற்காக ரொம்பக் கெட்டியாகவும் போகாதீர்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் வழவழப்பான தடத்துக்குப் பொருந்துவது, நம்ம ஊர் குண்டுங்குழியில் சக்கரத்தைத் துள்ள வைக்கும்.

மூன்றாவது டேம்பிங். உள்ளேயிருக்கும் ஆயில் சிறு துவாரங்களில் நெருக்கிப் புகுந்து, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை வெப்பமாக்கி அடக்குகிறது. ஆயில் கசிந்துபோனால் வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். குதிக்கிற சக்கரத்துக்கு ரோட்டில் பிடிப்பு ஏது? பிரேக் பிடித்தும் பயனில்லை.

கடைசியாக ஒன்று: இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் ஸ்விங் ஆர்ம் முறுக்கும். காசு பத்தலைன்னா அடுத்த மாசம் வரைக்கும் பொறுங்க. டவுன் பஸ் இருக்குதுங்க! உயிருக்கு ஸ்பேர் எந்தக் கடையிலயும் கிடைக்காதுங்க.