வழு திருத்தும் நினைவகம் வாங்கத்தான் வேண்டுமா?

2003 மே 18ஆம் திகதி பெல்ஜியத்தில் பொதுத்தேர்தல் நடைபெற்றது. பிரசெல்ஸ் பிரதேசத்திலுள்ள ஸ்கார்பேக்கில் கணினி வாக்குகளைக் கூட்டியபோது, ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே முடியாத அளவு விருப்பு வாக்குகள் காட்டப்பட்டன. மீள எண்ணியபோது, கூடுதலாக வந்தவை சரியாக 4096 வாக்குகள் எனத் தெரிந்தது. மென்பொருளில் பிழை எதுவும் அகப்படவில்லை.

துவித எண்ணில் வலப்பக்கமிருந்து 13ஆவது இடத்தின் பெறுமானம் 4096. அந்த இடத்திலுள்ள 0, 1 ஆக மாறினாலே போதும். விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களால் உண்டான துணிக்கையொன்று நினைவகத்தில் பட்டு அந்த ஒரு பிட்டை மாற்றியிருக்கலாம் என்பதே முன்வைக்கப்பட்ட விளக்கம்.

இத்தகைய வழுவைத் தானே திருத்தும் நினைவகமும் உண்டு. அதுதான் ஈ.சி.சி. நினைவகம். அது எப்படித் திருத்துகிறது? நமது வகுப்பின் புள்ளி அட்டவணையை நினைத்துப் பாருங்கள். ஒரு புள்ளி பிழையாக எழுதப்பட்டால் ஒரு நிரையின் கூட்டுத்தொகையும் ஒரு நிரலின் கூட்டுத்தொகையும் பொருந்தாமற் போகும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில்தான் பிழை இருக்கும். இதே போல, வழக்கமான ஈ.சி.சி. நினைவகம் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 சரிபார்ப்புப் பிட்களைச் சேர்த்து வைக்கிறது. ஒரு பிட் மாறினால் திருத்திவிடும். இரண்டு மாறினால் பிழை உண்டென அறிவிக்கும். இம்முறைக்கு அடிப்படையிட்டவர் ரிச்சர்ட் ஹமிங். அவரது ஆய்வு 1950இல் வெளியானது.

அப்படியானால் நாமும் வாங்க வேண்டுமா? கூகுள் நிறுவனத்தின் சேவையகங்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்று, ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான நினைவக அட்டைகளில் வழு ஏற்பட்டதாகக் கூறியது. ஆனால் அவை இரவு பகலாக இயங்கும் கணினிகள். நமது மடிக்கணினிகளில் பெரும்பாலானவை ஈ.சி.சி. நினைவகத்தை ஏற்பதில்லை. முறைவழியாக்கியும் தாய்ப்பலகையும் அதற்கு ஆதரவளிக்க வேண்டும், விலையும் கூட. டிடிஆர்5 நினைவகச் சில்லுகளுக்குள்ளேயே வழு திருத்தும் வசதி இருப்பது உண்மைதான். எனினும் அது சில்லுக்குள் நிகழும் வழுவை மட்டுமே திருத்தும். தரவு முறைவழியாக்கிக்குச் செல்லும் பாதையை அது காப்பதில்லை.

ஆகவே, பாடங்களுக்காகக் கணினி வாங்குபவர் இதற்குச் செலவிடத் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு வெளி வன்தட்டு வாங்கி, கோப்புகளுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைப்பதே மேல்.

நமது புகைப்படத்தில் ஒரு பிட் மாறினால் பாதிக்கப்படுவது அந்தப் படம் மட்டுமே. நோயாளியின் மருந்தளவிலோ வங்கிக் கணக்கிலோ வாக்கு எண்ணிக்கையிலோ மாறினால், பாதிக்கப்படுவது ஒரு மனிதர். அக்கணினிகளுக்கு மட்டும் இந்த நினைவகம் ஆடம்பரமல்ல, கடமை.